ஐந்தாவது சிவப்புக் குண்டூசி

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குண்டூசியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நகரசபைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், படியேறியதும் இடதுகைப் பக்கம் சாலைப் பாதுகாப்புப் பிரிவு. பிரிவு என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, மூன்று மேஜை, ஒரு பீரோ, சுவர் முழுக்க ஒரு வரைபடம், அவ்வளவுதான். நாலு தாளை ஒட்டிப் பலகையில் அறைந்த ஊர்ப் படம் அது. ஊரில் எங்கே வண்டி மோதினாலும் போலீஸ் நிலையத்திலிருந்து ஒரு தாள் வரும். தாளைப் படித்து, படத்தில் இடத்தைத் தேடி, ஒரு குண்டூசியைக் குத்துவது அவள் வேலை. வண்டிக்கு மட்டும் அடியென்றால் வெள்ளை. ஆளுக்கு அடியென்றால் மஞ்சள். ஆளே போய்விட்டால் சிவப்பு. இருபத்திரண்டு வருஷம் குத்திக் குத்தி அவள் வலது கட்டைவிரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

சிவப்புக்கும் ஒரு சட்டம் உண்டு. விபத்து நடந்து முப்பது நாளுக்குள் உயிர் போனால்தான் சிவப்பு. முப்பத்தொன்றாம் நாள் போனால் அவர் மஞ்சள்தான், காலத்துக்கும் மஞ்சள். எங்கேயாவது ஒரு கோடு போடத்தானே வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ போட்ட கோடு. அதை அவள் நல்லது என்றும் நினைத்ததில்லை, கெட்டது என்றும் நினைத்ததில்லை.

அவளை வாட்டியது இன்னொரு சட்டம். ஓர் இடத்தில் மூன்று வருஷத்துக்குள் ஐந்து சிவப்பு விழுந்தால் அங்கே சிக்னல் விளக்கு வரும். நாலு விழுந்தால் 'கவனம்' என்று ஒரு பலகைதான்.

மாவுமில் முனையில் நாலு இருந்தது.

அந்த முனையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பாலத்திலிருந்து சரிவாக இறங்கும் சாலை, மாவுமில்லின் பின்சுவரை ஒட்டிச் சட்டென்று வளைகிறது. சுவர் உயரம். லாரிக்காரனுக்கு ஆள் தெரியாது, ஆளுக்கு லாரி தெரியாது. சத்தம் ஒன்றுதான் முன்னால் வரும். சத்தம் கேட்டால் நிற்க வேண்டும், கேட்காவிட்டால் கடக்க வேண்டும். ஊர்ச்சனம் அந்த முனையை அத்தனை காலமும் காதால்தான் கடந்துகொண்டிருந்தது. 'கவனம்' பலகையை இரண்டு தடவை நட்டார்கள். இரண்டு தடவையும் லாரி இடித்துச் சாய்த்தது. இரண்டுக்கும் அவள்தான் வெள்ளைக் குண்டூசி குத்தினாள்.

அவள் வீட்டுக்காரருக்கோ காது கிடையாது.

இருபத்தேழு வருஷம் அந்த மில்லிலேயே அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். இயந்திரம் கோதுமையோடு சேர்த்து அவர் காதையும் அரைத்துவிட்டது. முதலில் இடது, பிறகு வலது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். "நீ திட்டறது கேக்க வேண்டாம்னு நானா வேண்டி வாங்கிக்கிட்டது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் திரும்பி நின்று திட்டினால் முன்னால் வந்து நின்று, "முகத்தப் பாத்து திட்டும்மா, பாதி புரியல" என்பார்.

காலையில் அவளே கையைப் பிடித்து முனையைக் கடத்திவிட்டுத்தான் அலுவலகம் வருவாள். ஒரு அழுத்து அழுத்தினால் நில், இரண்டு அழுத்தினால் நட. சாயங்காலம்தான் வழியில்லை. மில்லில் ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். அவளுக்கு வேலை முடிய ஐந்தரை ஆகும். சங்கு அலுவலகம் வரை கேட்கும். அது ஊதியதும் அவள் ஜன்னலுக்குப் போய் நிற்பாள். அவர் வெளியே வந்து, முனையைக் கடந்து, கட்டடத்துக்குக் கீழே வர எட்டு நிமிஷம். வந்ததும் தலையெல்லாம் மாவாக மேலே பார்த்துச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அவள் மூச்சை விடுவாள்.

"வேலைய விட்டுடுங்கன்னா கேக்கறீங்களா?"

"கேக்காதுன்னுதான் தெரியுமே" என்பார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "ரெண்டே வருஷம். முழுசா முடிச்சுட்டு உன் கண்ணு முன்னாலயே உக்காந்துக்கறேன். அப்ப ஏண்டா வந்தான்னு இருக்கும் உனக்கு."

அந்த வருஷம் முடிகிற நேரம் மேலதிகாரி ரொம்ப உற்சாகமாக இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. கோடு போடுவதில் பிரியம் உள்ளவர். நாலு வருஷக் கணக்கை வரிசையாக வைத்துக் கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்திருந்தார். ஊர் முழுக்கச் செத்தவர்கள் ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்று, இந்த வருஷம் இதுவரை முப்பத்தைந்து.

"இறங்குது பாத்தீங்களாம்மா? சறுக்கு மரம் மாதிரி இறங்குது!"

"மஞ்சள் ஏறுதே சார்" என்றாள் அவள்.

"மஞ்சள்னா உசிரோட இருக்காங்கன்னு அர்த்தம். நல்லதுதானே?"

ஆஸ்பத்திரியில் புதிதாக மூச்சு இயந்திரங்கள் வந்திருந்தன. முன்னே இரண்டாம் நாள் போகிறவர்கள் இப்போது நாற்பது நாள், ஐம்பது நாள் இருந்து போனார்கள். அவர்கள் போன செய்தி அந்த மாடிப்படி ஏறி வருவதில்லை. வந்தாலும் குத்துவதற்கு நிறம் இல்லை.

"சார், மாவுமில் முனை..."

"தெரியும்மா. நாலு. நான் என்ன செய்யட்டும்? அஞ்சு இல்லாம பட்டியல்ல ஏறாது. வருஷத்துக்கு ஒரு பட்டியல். வர்ற வருஷம் பாக்கலாம்னா, அந்த நாலுல ரெண்டுக்கு அப்ப மூணு வருஷம் தாண்டிடும். அதுங்க கழிஞ்சுடும். ரெண்டுல இருந்து ஆரம்பிக்கணும்."

அதாவது, இந்த வருஷம் இல்லாவிட்டால் அவர் வேலையிலிருந்து நிற்கும் வரைக்கும் இல்லை. அது அவளுக்குப் புரிந்தது.

கடைசி மாதத்தின் முதல் தேதி காலையில் தாள் வந்தது. மாவுமில் முனை. சைக்கிள் மேல் லாரி. அடிபட்டவர் தபால்காரர்.

அவரை அவளுக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக அந்த மாடிக்கு மூச்சு வாங்கக் கடிதம் கொண்டு வருகிறவர். "மேலிடத்துக் கடுதாசிக்கா. பிரிச்சா வேலை வந்துரும், பிரிக்காதீங்க" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போவார். தலையில் அடி, நினைவு இல்லை என்று தாளில் இருந்தது. அவள் மஞ்சள் குண்டூசியை எடுத்தாள். அந்த முனையில் ஏற்கெனவே நெருக்கமாக ஓட்டைகள். காகிதம் நைந்திருந்தது. குத்தினாள். குத்திய விரலை எடுப்பதற்குள் மனசுக்குள் ஒரு குரல் எண்ணிவிட்டது: நாலு சிவப்பு, ஒரு மஞ்சள், முப்பது நாள்.

நினைக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் நினைத்துவிட்டாள். நம்மில் யாருக்குத்தான் அப்படி ஒரு நினைப்பு வந்ததில்லை, சொல்லுங்கள். வந்தால் என்ன செய்வோம்? தலையை உதறுவோம். அவளும் உதறினாள். அது போகவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தானோ என்னவோ, மதிய இடைவேளையில் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள். நகரசபைக்கு எதிர்ச்சாரியிலேயே ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சில் அவர் மனைவி, தபால்காரம்மா, உட்கார்ந்திருப்பாள். வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவள். முழங்கை வரை சூடுபட்ட தழும்புகள். டீயை வாங்கி இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள்.

"இன்னைக்கு விரல் அசைஞ்சுதுக்கா."

"அப்படியா?"

"நர்ஸம்மா அது சும்மா தானா அசையறதுங்கறாங்க. தானா எப்படிக்கா அசையும்? சுண்டு விரல். அவர் எப்பவும் சுண்டு விரலாலதான் மணி அடிப்பாரு, சைக்கிள் மணி."

"அசையும்மா, அசையும்."

"நீங்க எந்த ஆபீஸ்னு சொன்னீங்க?"

"விபத்து நடந்தா எழுதி வெக்கற ஆபீஸ்."

"நல்லா எழுதி வைங்கக்கா. அவர் மேல தப்பு இல்ல. அவர் காலு ஊனி நின்னுதான் கடப்பாரு."

குண்டூசியக்கா தலையாட்டினாள். வெறும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அன்று பன்னிரண்டாம் நாள் என்று மனசு தானாகச் சொன்னது.

முப்பதாம் நாள் வந்தது. அன்றைக்கு நாலு மணிக்கு வருஷ அறிக்கை மேலிடத்துக்குப் போயாக வேண்டும். மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். கணக்குத் தாளை அவள் ஒரு தடவை சரிபார்த்து உறையில் போட்டு ஒட்ட வேண்டியதுதான். மூன்றரைக்கு அவள் வார்டுக்குப் போன் போட்டாள்.

"தபால்காரர் எப்படி இருக்காரு?"

"யார் பேசறது? வீட்டு ஆளா?" நர்ஸின் குரலுக்குப் பின்னால் ஓட்டமும் சத்தமும் கேட்டன. "இப்ப பேச முடியாதும்மா. டாக்டர் உள்ள இருக்காரு. வீட்டுக்காரம்மாவ உள்ள கூப்பிட்டாச்சு. நிமிஷக் கணக்குதான். வெச்சிடறேன்."

போனை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நிமிஷக் கணக்கு. மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து. இன்னொரு தடவை போட்டாள், யாரும் எடுக்கவில்லை. நாலு மணிக்குத் தபால் வண்டி கீழே வந்து நிற்கும், உறையை எடுத்துக்கொண்டு போய்விடும். அவர் நாலு ஐந்துக்குப் போனாலும் அன்றைக்குத்தான் போனவர். சட்டப்படி சிவப்பு. ஆனால் உறை போயிருக்கும்.

இதில் பொய் என்ன இருக்கிறது, நடக்கப்போவதைத்தானே எழுதுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பேனாவை எடுத்து மாவுமில் முனை என்ற வரியில் நாலை அடித்து ஐந்து என்று எழுதினாள். மொத்தத்தில் முப்பத்தைந்தை முப்பத்தாறு ஆக்கினாள். கோப்பில் தபால்காரரின் தாளில் 'இறப்பு: ஆம்' என்று எழுதித் தேதி போட்டாள். படத்திலிருந்து மஞ்சளைப் பிடுங்கி, அதே ஓட்டையில் சிவப்பைக் குத்தினாள். உறை போயிற்று.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. எட்டு நிமிஷத்தில் டப்பா தூக்கிக் காட்டப்பட்டது. அன்றைக்கு மட்டும் அவளால் பதிலுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

வருஷப் பிறப்பு விடுமுறை முடிந்து, மதியம் வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலியான பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் தபால்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா நாலு நாளா காணோம்? டீ இல்லாம நாக்கு செத்துப்போச்சு" என்று சிரித்தாள். சிரிப்பா அது, முப்பத்துநாலு நாள் கழித்து முதன்முதலாக வந்த சிரிப்பு. "அன்னைக்கு அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. உள்ள கூப்பிட்டு, பாத்துக்கம்மான்னுட்டாங்க. நான் காலைப் புடிச்சுக்கிட்டே நின்னேன். ஆறு மணிக்கு அவரே உசிர இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. டாக்டரே அசந்துட்டாரு."

குண்டூசியக்காவுக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அதே நேரம் கண்ணில் தண்ணீரும் வந்தது. பொய்த் தண்ணீர் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே பயந்தாள். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்தன.

அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் என்ன வேண்டுவதென்று தெரியவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று தொடங்கினால், அப்போ நீ எழுதியது என்று மனசு கேட்கும். பாதியில் எழுந்துவிடுவாள்.

எதற்கெடுத்தாலும் ஆறு மாதம் இழுக்கிற மேலிடம் அந்தத் தடவை இரண்டாம் வாரத்திலேயே கடிதம் போட்டது. மாவுமில் முனைக்குச் சிக்னல் அனுமதி. கடிதத்தைக் கொண்டுவந்தவர் புதுத் தபால்காரர். எதுவும் சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே கம்பத்துக்குக் குழி தோண்ட ஆள் வந்துவிட்டது. மேலதிகாரி, "போய்ப் பாத்துட்டு வாங்கம்மா, உங்க முனைதானே" என்றார். போனாள். கடப்பாரையின் ஓசையில் மில் சுவரே அதிர்ந்தது. அவள் வீட்டுக்காரர் மில் வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, ஏதோ அவரே காசு போட்டுக் கட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ ஆழம் தெரியுமா? ரெண்டு முழம்! லாரி இடிச்சா லாரிதான் போகும்!" என்று சாலை முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. "கெட்டிக்காரிம்மா நீ! ஒத்த ஊசியாலயே சாதிச்சுட்டியே!"

அவள் சிரித்தாள். அந்த நேரத்தில் அவள் எல்லாவற்றையும் மறந்துதான் போனாள். விளக்கு எரிகிற மாதிரியும், லாரிகள் வரிசையாக நிற்கிற மாதிரியும், அவர் நடுச்சாலையில் டப்பாவை ஆட்டிக்கொண்டு மெதுவாக நடக்கிற மாதிரியும் பார்த்தாள்.

திரும்பி வந்து நகரசபைப் படியில் கால் வைக்கும்போது மேலேயிருந்து தபால்காரம்மா ஓடி வந்தாள். கையில் ஒரு தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தனை மணிக்குக்கா?"

"என்னம்மா?"

"எத்தனை மணிக்குப் போனாரு? இப்பத்தான் உதட்ட நனைச்சு வெச்சுட்டு வந்தேன். போஸ்டாபீஸ்ல லீவுக்கு விபத்துத் தாள் கேட்டாங்க, வாங்கிட்டு ஓடிரலாம்னு வந்தேன். நான் இல்லாத நேரம் பாத்துப் போயிட்டாரா? உங்களுக்கு எப்படி அதுக்குள்ள தெரிஞ்சுது?"

பக்கத்து மேஜைக்காரி கோப்பில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். 'இறப்பு: ஆம்.' தேதியை அந்தப் பெண் பார்க்கவில்லை. தபால்காரம்மாவும் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவள் கண் போகவில்லை.

"இல்லம்மா, நில்லு, அது..." என்பதற்குள் அவள் படியிறங்கி வெளியே ஓடிவிட்டாள். சாலையை இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடினாள். ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. ஒரு மோட்டார் சைக்கிள் வளைந்து போய் நடைபாதையில் ஏறியது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். குண்டூசியக்கா நடுச்சாலை வரை ஓடி, நின்று, இரண்டு கையையும் விரித்து வண்டிகளைத் தடுத்தாள். தடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. தபால்காரம்மா ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

வார்டில் மூச்சு இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரம்மா அவர் மார்பில் காதை வைத்துக் குனிந்தபடி இருந்தாள். நர்ஸ் தோளைத் தொட்டு, "என்னம்மா ஆச்சு, நல்லாத்தானே இருக்காரு" என்றாள். அவள் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, பின்னாலேயே வந்திருந்த குண்டூசியக்கா காத்திருந்த வராந்தா பெஞ்சுக்கு வந்தாள். கசங்கிய தாளை மடியில் வைத்து, இஸ்திரி போடுகிற மாதிரி உள்ளங்கையால் தேய்த்தாள். இப்போது தேதியைப் பார்த்தாள்.

"யாருக்கா எழுதினது?"

"நான்தான்."

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள் குண்டூசியக்கா. ஐந்து சிவப்பு, முப்பது நாள், நாலு மணி உறை, காது கேட்காத வீட்டுக்காரர். திட்டு விழும், அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தபால்காரம்மா அடிக்கவில்லை. எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"நாலு பேரு பத்தலையாக்கா?"

குண்டூசியக்கா அந்தத் தாளையே பார்த்தாள்.

"டீ கொண்டு வந்தீங்களே, தினமும். அப்பவும் எண்ணிக்கிட்டேதான் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

தபால்காரம்மா எழுந்துகொண்டாள். போகிறபோது திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள். "அவரு உசிரோட இருக்காருன்னு எழுதிக் குடுங்க. உங்க கையாலயே எழுதிக் குடுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்தே அவர் கேட்டுவிட்டார். சமையலறை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள். அவர் மாவு படிந்த புருவத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பழக்கம் போல ஒரு வேடிக்கை சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆக, என்னை உசிரோட வெக்க இன்னொரு மனுஷன..." என்று தொடங்கினார். மேலே போகவில்லை. வேடிக்கை வாயிலேயே உறைந்துவிட்டது. புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டு, "எழுதிடும்மா" என்றார். "அந்தம்மா கேக்கற மாதிரி எழுதிடு. நான் பாத்து வரேன்."

"எதப் பாத்து வருவீங்க? சுவரையா?"

அவர் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். கேட்க விரும்பாதபோது அவர் செய்வது அதுதான்.

மறுநாள் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா இப்படி? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்புக் கிடையாதேம்மா உங்க கையில." பேனாவை மூடினார், திறந்தார். "உங்க பேரைப் போடல. எழுத்துப் பிழைன்னு திருத்தம் அனுப்பிடறேன். சிக்னல் போயிடும். அத நான் காப்பாத்த முடியாது."

"தெரியும் சார்."

"முப்பத்தாறு மறுபடி முப்பத்தஞ்சு" என்று தாளைப் பார்த்துச் சொன்னார். கட்டம் போட்ட தாளில் கோட்டின் நுனியை ரப்பரால் அழித்து இன்னும் ஒரு நூல் கீழே இறக்கினார். அவருக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

'இறப்பு: இல்லை. சிகிச்சையில் உள்ளார்.' அவளே எழுதினாள். சிவப்பைப் பிடுங்கினாள். மறுபடி மஞ்சளைக் குத்தப் போனபோது ஊசி நிற்கவில்லை. இரண்டு தடவை குத்திப் பிடுங்கிய இடம், காகிதம் கிழிந்து பலகை தெரிந்தது. பக்கத்தில் ஒரு இழை தள்ளி, மில் சுவருக்குள்ளேயே குத்தினாள்.

முனையில் குழி அப்படியே நின்றது. சுற்றிலும் நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். முன்பு ஓரமாக நின்று காது கொடுத்தவர்கள் இப்போது குழிக்காகச் சாலைக்குள் ஓரடி இறங்கி நிற்க வேண்டியிருந்தது. அவள் மூடச் சொல்லி மனு எழுதினாள். மூடுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று பதில் வந்தது.

அறுபத்திரண்டாம் நாள் தபால்காரர் போய்விட்டார்.

போய்ப் பத்து நாள் கழித்து, சாயங்காலம், மாடிப்படியில் மெதுவான காலடி கேட்டது. தபால்காரம்மா. ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆஸ்பத்திரிச் சான்றிதழை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குண்டூசியக்கா எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"இதுல எழுதியிருக்குக்கா. லாரி அடிச்ச அடியிலதான் போனாருன்னு டாக்டரே எழுதியிருக்காரு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு." உறையை மேஜையில் வைத்தாள். "இப்ப சேத்துக்குவாங்களா?"

குண்டூசியக்கா சான்றிதழைப் படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்தாள், அதில் எங்காவது ஒரு வழி இருக்கும் என்பது போல. பிறகு உறையிலேயே திருப்பி வைத்தாள்.

"முப்பது நாளுக்கு மேல ஆயிடுச்சும்மா."

"கூட நாள் இருந்ததுக்கா இந்தத் தண்டனை?"

குண்டூசியக்கா உறையை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினாள்.

"முப்பத்திரண்டு நாள் கூட இழுத்துக்கிட்டு வந்தாரே. எனக்காக வந்தாரு." அவள் படத்துக்குப் பக்கத்தில் போனாள். "இதுல அவர் எதுக்கா?"

காட்டினாள். தபால்காரம்மா அந்த மஞ்சள் தலையைச் சுண்டு விரலால் தொட்டாள். பிறகு ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த மற்ற மஞ்சள்களைப் பார்த்தாள்.

"இதுல இன்னும் எத்தனை பேரு இப்படி?"

"தெரியாதும்மா. யாரும் எண்றதில்ல."

அப்போது சங்கு ஊதியது. குண்டூசியக்காவின் உடம்பு அவளைக் கேட்காமலேயே ஜன்னலுக்குப் போயிற்று. தபால்காரம்மா அவள் முதுகைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"அவரா?"

"ம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"எட்டு நிமிஷம்."

தபால்காரம்மா சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் முனை தெரியாது, மில் சுவரின் மேல்விளிம்பு மட்டும் தெரியும். பாலத்திலிருந்து ஒரு லாரி இறங்குகிற இரைச்சல் கேட்டது. இருவருக்கும் நன்றாகக் கேட்டது. இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடிகாரம் எட்டு நிமிஷத்தைத் தாண்டியது. ஒன்பது. தபால்காரம்மாவின் கை நகர்ந்து வந்து கம்பியிலிருந்த அவள் கைமேல் படிந்தது.

பத்தாம் நிமிஷம் தெருமுனையில் வெள்ளைத் தலை தெரிந்தது. குழியைச் சுற்றி வர நேரமாகியிருக்கும். அவர் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்று, மேலே பார்த்து, டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

குண்டூசியக்கா கையைத் தூக்கினாள். பக்கத்திலிருந்தவளும் தூக்கினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்த இன்னொரு பெண் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்கு, அவளுக்காகவும் டப்பாவை இன்னொரு தடவை தூக்கிக் காட்டினார்.